சேமிப்பைக் கனடாவுக்குக் கொண்டுபோன கதை

கனடாவுக்குக் குடிபோவது என்று முடிவானதும் காரைக்குடியில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்டார்கள். "பணத்தை எப்படித்தா கொண்டு போகப்போற?" என்று கேட்டது அப்பச்சி, என் அப்பா, ஒருவர்தான். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், தகரப் பெட்டியை எடுத்துவந்து பட்டாலையில் வைத்தார். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கிடந்த ஒரு கட்டு பர்மா நோட்டு. ஐயா ரங்கூனில் கடைக்கணக்கு பார்த்தவர். 1964-இல் அங்கே 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கையில் இருந்தது இவ்வளவும். கப்பல் ஏறும்போது வேறெதையும் கொண்டுவர விடவில்லை, வெறும் காகிதமாகிவிட்ட இதை யாரும் தடுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்குக் கடல் தாண்டிப் பணம் அனுப்புவது புதிதா என்ன? 1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். அதற்கு முன்பே உண்டியல் இருந்தது. இங்கே எழுதிக்கொடுத்த சீட்டுக்கு அங்கே காசு. அந்த உண்டியலுக்கு இருந்த மரியாதை என்ன, இன்று அதே சொல்லுக்குக் கள்ளவழிப் பணம் என்று ஆகிவிட்ட அர்த்தம் என்ன! நாங்கள் புறப்படப்போவது தெரிந்து தூரத்து உறவில் ஒரு அண்ணன் வந்தார். "எதுக்கு ஆத்தா பேங்க் பேங்கா அலையிற? இங்க ஆள்கிட்டக் குடுத்தா அங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போவான். ரேட்டும் நல்ல ரேட்டு." அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அப்படி வந்த பணத்தைக் கனடாவில் வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது எங்கிருந்து வந்தது என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவேன்? அண்ணனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முதல் சுற்று, பணம் இருக்கிறது என்று காட்டுவது. திறமையுள்ள வேலையாட்களைக் கனடா குடியேற்றும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பித்தோம். நான், வீட்டுக்காரர், மகள் மூவருக்கும் 2024-இல் 22,483 கனடா டாலர் காட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14 லட்சம். இந்தத் தொகையை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். வீட்டின் மதிப்பு இதில் சேராது. கடன் வாங்கி வைத்ததும் சேராது. வங்கி தரும் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி இருப்பு, நிலுவைக் கடன் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் வங்கியில் கேட்டால் "இன்னாருடைய கணக்கில் இவ்வளவு உள்ளது" என்று ஒற்றை வரிச் சான்றிதழ் வந்தது. மறுபடி போனேன், அதே வரி, தேதி மட்டும் வேறு. மூன்றாவது முறை கடிதத்தை நானே அடித்து, பென்டிரைவில் கொண்டுபோய் மேலாளரிடம் கொடுத்தேன். லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்.

அந்தத் தொகையில் 5 லட்சம் அப்பச்சி கொடுத்தது. திடீரென்று கணக்கில் 5 லட்சம் ஏறினால் கேள்வி வரும், அதனால் "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை" என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். சொன்னதும் முகம் மாறிவிட்டது. "மகளுக்குக் குடுத்ததுக்கு எழுத்தா?" என்றார். தேங்காய் வாங்கிய காசைக்கூட நோட்டில் எழுதுகிறவர்! ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் தானே முத்திரைத்தாள் வாங்கிவந்து, காசோலை எண், தேதி, கிளைப்பெயர் எல்லாம் போட்டு எழுதினார். வக்கீல் எழுதியிருந்தால்கூட அத்தனை தெளிவாக வந்திருக்காது.

கோட்டையூர்ப் பக்கம் என் பெயரில் இருந்த மனையை விற்றது தனிக்கதை. வாங்க வந்தவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் ரொக்கம் என்றார். ஊர் வழக்கம் அதுதான். ஆனால் மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதைவிட, கையில் வந்த ரொக்கத்தைக் கடல் தாண்டி எப்படி அனுப்புவது? முழுத்தொகையும் வங்கி வழியாகத்தான் என்று நின்றேன். விலையில் ஒன்றரை லட்சம் குறைத்தார், கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. புறப்படும் முன்பே விற்றதும் நல்லதாகப் போயிற்று. வெளிநாட்டில் குடியேறியவராகி விற்றால் வாங்குகிறவர் பெரிய தொகையை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும், அப்போது அதற்கு அவர், வரி பிடிப்பவருக்கான டான் எண் வேறு வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குப் பயந்தே பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்.

பிப்ரவரி 2025-இல் நிரந்தர வசிப்புரிமை உறுதிக் கடிதம் வந்தது. மே மாதத்துக்கு டிக்கெட். இனிதான் அனுப்புவது.

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். எங்களுக்கு அந்த உச்சவரம்பு பிரச்சினையே இல்லை. பிரச்சினை டி.சி.எஸ். குறிப்பிட்ட தொகையைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிடும். அது தொலைந்துபோகிற பணமல்ல, வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், புது நாட்டில் வாடகை கட்ட அந்தப் பணம்தான் வேண்டும். 2024-25 நிதியாண்டில் வரம்பு 7 லட்சம். 2025 பட்ஜெட்டில் ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ஆக்கினார்கள். வரம்பு ஆளுக்கு, ஆண்டுக்கு. எத்தனை வங்கியில் பிரித்து அனுப்பினாலும் பான் எண் எல்லாவற்றையும் கூட்டிவிடும்.

நான் போட்ட கணக்கு இது. மார்ச்சில் ஆளுக்கு 6.90 லட்சம், ஏப்ரலில் ஆளுக்கு 10 லட்சம். ஆக 33.80 லட்சம், டி.சி.எஸ். ஒரு பைசா இல்லை. அப்பச்சியிடம் காட்டினேன். "செட்டிய வீட்டுப் புள்ளைதான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

மார்ச் 25, செவ்வாய்க்கிழமை. செக்காலை ரோட்டு வங்கியில் டோக்கன் போட்டு உட்கார்ந்த இடத்தில் அந்தக் கணக்கு ஆட ஆரம்பித்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், பான், பாஸ்போர்ட், வசிப்புரிமைக் கடிதம் எல்லாம் இரண்டு செட். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐபான் நம்பர் போடலையே மேடம்." ஐரோப்பா பக்கம் வங்கிக் கணக்குக்கு இருக்கும் நீள எண் அது.

"கனடாவுக்கு ஐபான் கிடையாதுங்க. ஸ்விஃப்ட் கோடு, அப்புறம் இந்த அஞ்சு இலக்கம் கிளை நம்பர், மூணு இலக்கம் வங்கி நம்பர், கணக்கு நம்பர். அவ்வளவுதான்."

"சிஸ்டத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தா ஏத்துக்காதே."

கனடா வங்கியில் இந்தியாவிலிருந்தே கணக்குத் தொடங்கியிருந்தோம். அவர்கள் அனுப்பிய தாளைக் கைப்பேசியில் காட்டினேன். நம்பவில்லை. அன்னியச் செலாவணி வேலை அந்தக் கிளையில் நடப்பதில்லையாம், மதுரைக்குத்தான் போக வேண்டுமாம். மதுரைக்குப் போன் போட்டார். அங்கே எடுத்தவர் சிரித்துக்கொண்டே, "கனடாதானே, காலியா விடும்மா" என்றது எனக்கே கேட்டது.

அடுத்தது ரேட். இணையத்தில் அன்று கனடா டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது. வங்கி சொன்னது 61.70. எல்லோரும் அனுப்பும் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள், அது சில நூறு ரூபாய். ஜி.எஸ்.டி.கூட 7 லட்சத்துக்கு 720 ரூபாய்தான். உண்மையான கூலி இந்த ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. குறைத்துக்கொடுங்கள் என்று கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நான் கேட்டேன். மேலாளர் மதுரைக்குப் பேசி 60.90 வாங்கித்தந்தார். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 150 டாலர் மிச்சம்.

என் பணம் 27-ஆம் தேதி போய்விட்டது. வீட்டுக்காரர் பணம் நின்றுவிட்டது. காரணம், கையெழுத்து. கல்லூரி நாளில் கணக்குத் தொடங்கியபோது தமிழில் போட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டிலும் ஏ2-விலும் ஆங்கிலம். கையெழுத்தை மாற்றக் கொடுத்த விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்தது. சனி, ஞாயிறு செலாவணிச் சந்தை கிடையாது. திங்கள் ரம்ஜான். செவ்வாய் ஆண்டுக்கணக்கு முடிப்பு. பணம் போனது ஏப்ரல் 2.

ஆறு நாள்தான் தள்ளிப்போனது. ஆனால் அந்த 6.90 லட்சம் புது நிதியாண்டுக் கணக்கில் ஏறிவிட்டது. ஏப்ரலில் அவர் பெயரில் இன்னும் 10 லட்சம் அனுப்பினால் மொத்தம் 16.90. தாண்டிய 6.90-க்கு 20 சதவீதம், 1,38,000 ரூபாய் நிற்கும். அவர் பெயரில் 3 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டோம். மீதி இங்கேயே கிடக்கட்டும் என்று விட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐயாவின் தகரப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

நகை விஷயம் ஆத்தாவின், என் அம்மாவின், பொறுப்பு. கழுத்திருவை, எங்கள் பக்கத்துக் கல்யாணத் தங்க நகையை, கொண்டுபோவதா என்ற பேச்சே எழவில்லை, அது லாக்கரில்தான். லாக்கரில் ஆத்தா பெயரையும் சேர்த்துச் சாவியைக் கொடுத்தேன். கையோடு எடுத்துப்போகிற வளையல், சங்கிலி, தோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துப் படம் பிடித்தோம். பூக்கோலத்துக்கு மேல் தங்கம் சரியாகத் தெரியவில்லை. ஆத்தா வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். பழைய நகைக்கு ரசீது ஏது? கல்யாணச் சாமான் நோட்டில் எடையோடு எழுதியிருந்ததை வைத்துத்தான் மதிப்பீட்டாளர் சான்று எழுதிக்கொடுத்தார். கனடா சுங்கத்தில் குடியேறுவோர் கொடுக்கும் பொருள் பட்டியலில் அதை இணைத்தோம்.

ரொக்கம் சொற்பம்தான். இங்கிருந்து ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் அளவுக்கு மேல் அன்னிய நோட்டாக எடுத்துப்போக முடியாது. அங்கே 10,000 கனடா டாலரும் அதற்கு மேலும் கையில் இருந்தால் எல்லையிலேயே சொல்லியாக வேண்டும். சொன்னால் வரி கிடையாது, மறைத்தால்தான் பறிமுதல். நாங்கள் 1,500 டாலர் நோட்டும் ஒரு ஃபாரெக்ஸ் கார்டும் வைத்திருந்தோம். அதிகாரி கேட்டார், சொன்னோம், தலையாட்டினார். மூன்று மாதம் பயந்த கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்தது. சேமிப்பைக் கொண்டுவந்ததற்குக் கனடாவில் வருமான வரியும் இல்லை. இறங்கிய அன்றைய தங்க விலையையும் ஊரில் மிச்சமிருக்கும் சொத்தின் மதிப்பையும் குறித்துவைத்தேன். பின்னால் விற்றால் அங்கே லாபக் கணக்கு அந்த நாளின் மதிப்பிலிருந்துதான் தொடங்கும்.

போய் இறங்கிய பிறகு ஊர் வங்கிக்கு எழுதி எங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினோம். மாற்றாமல் பழைய கணக்கையே ஓட்டுகிறவர்கள் நிறைய, அது தவறு. மாற்றிய பிறகு வட்டிக்கு 30 சதவீதம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கனடாவின் வரி வசிப்பிடச் சான்றைக் கொடுத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம்.

நவம்பரில், ஊரிலேயே விட்டுவந்த பணத்தை என்.ஆர்.ஓ.விலிருந்து அனுப்பினோம். ஆடிட்டர் வரி விவரம் பார்த்து 15சிபி சான்று கொடுத்தார், இணையத்தில் 15சிஏ என்ற அறிவிப்புப் படிவம் போட்டேன், ஒரு வாரத்தில் வந்துவிட்டது. டி.சி.எஸ். இல்லை. அது எல்.ஆர்.எஸ்.ஸில் அனுப்புகிறவர்களுக்குத்தான். என்.ஆர்.ஓ.விலிருந்து ஆண்டுக்கு பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை இப்படிக் கொண்டுபோகலாம். அதாவது, மார்ச் கடைசியில் நான் ஓடிய ஓட்டத்தில் பாதி தேவையே இல்லை. முதல் ஆறு மாதச் செலவுக்கும் வாடகை முன்பணத்துக்கும் வேண்டியதை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு மீதியை நிதானமாக அனுப்பியிருக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்ட ஆட்களெல்லாம் என்னைப்போல அவசரத்தில் அனுப்பியவர்கள்.

பணம் வந்த அன்று வீடியோவில் அப்பச்சியைக் கூப்பிட்டேன். மடியில் நோட்டு. தலைப்பில் "கனடா கணக்கு" என்று பற்று வரவு போட்டிருந்தார். இங்கிருந்து போனது, ரேட், அங்கே ஏறியது என வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தவர் மார்ச் வரியில் நின்றார்.

"இதுல 20 வெள்ளி குறையுதே ஆத்தா." டாலரை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார்.

இடையில் ஒரு வங்கி எடுத்துக்கொண்டது என்றேன். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருக்கிற வங்கி, அதன் கூலி.

"பேரென்ன அந்த பேங்குக்கு?"

தெரியவில்லை. ரசீதில் இல்லை. எங்கள் வங்கியில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. பேனாவை மூடாமலேயே இருந்தார் அப்பச்சி. கடைசியில் அந்த வரிக்கு நேரே "20 வெள்ளி, ஆள் விளங்கலை" என்று எழுதியதைக் கேமராவுக்குக் காட்டினார்.