தாடையில் விழும் குத்து மூளைக்குள் என்ன செய்கிறது

வட சென்னையில் பாக்சிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். நெற்றியில் எத்தனை குத்து வாங்கினாலும் அசராமல் நிற்கிற ஆள், தாடையோரமாகப் பக்கவாட்டில் ஒரு ஹூக் சரியாக விழுந்தால் அப்படியே சுருண்டுவிடுவான். ஏன் என்று கேட்டால் "அங்க ஒரு நரம்பு இருக்குப்பா, அது வெட்டிக்கும்" என்பார்கள் ராயபுரத்துப் பெரியவர்கள். அப்படி ஒரு நரம்பு அங்கே கிடையாது. தாடை முனையில் குத்து விழும்போது தலை மொத்தமும் சட்டென்று திரும்புகிறது, அந்தத் திருப்பம்தான் ஆளைச் சாய்க்கிறது.

மூளையின் எடை கிட்டத்தட்ட 1.3, 1.4 கிலோ. இளநீர் வழுக்கை மாதிரி மெத்தென்று இருக்கும், மண்டையோட்டுக்குள் கொஞ்சம் நீரில் மிதந்துகொண்டிருக்கும். ஓடு திரும்பிய வேகத்துக்கு இந்த மெத்தென்ற பொருளால் திரும்ப முடியாமல் பின்தங்கி, உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்கிறது. மேலே பேச்சையும் யோசனையையும் கை கால் அசைவையும் பார்த்துக்கொள்கிற பெருமூளை, பின்பக்கம் கீழே உடம்பைத் தடுமாறாமல் நிறுத்துகிற சிறுமூளை, அடியில் மூச்சையும் இதயத் துடிப்பையும் விழிப்பையும் காக்கிற மூளைத் தண்டு. முறுக்கு ஆழத்தில் இருக்கிற பகுதிகள் வரை போனால் நினைவு தப்புகிறது. அவ்வளவு போகாவிட்டால் கால் தள்ளாடும், கண்ணில் பூச்சி பறக்கும், எந்த ரவுண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முறுக்கும்போது இழுபடுவது நரம்பு செல்களின் வால். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் ஆக்ஸான் என்று ஒரு நீண்ட வால் கிளம்புகிறது, முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சேதி போக வேண்டிய நேரத்தில் சவ்விலுள்ள சின்னச் சின்னக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, அந்த மின்மாற்றம் வால் நெடுக ஓடுகிறது. கொழுப்பு உறை போர்த்திய வால்களில் வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல்கூடப் போகும். வால் முடிகிற இடத்தில் அடுத்த செல்லைத் தொடாமல் ஒரு இடைவெளி இருக்கும். மின்சாரம் அங்கே தாண்டுவதில்லை, குளூட்டமேட் போன்ற ஒரு வேதிப்பொருள் சிந்தி அடுத்த செல்லை எழுப்புகிறது.

சரி, குத்து விழுந்ததும் என்ன ஆகிறது? இழுபட்ட சவ்வு கசிகிறது. பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, குளூட்டமேட் தாறுமாறாகச் சிந்துகிறது, கால்சியம் செல்லுக்குள் புகுந்து வேலையைக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு அனுப்பச் செல்லிலுள்ள பம்புகள் முழு மூச்சாக ஓட வேண்டும், அதற்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும், ஆனால் அதே நேரத்தில் மூளைக்கு வருகிற ரத்தம் குறைந்துவிடுகிறது. இந்தப் பற்றாக்குறை ஒரு ராத்திரியில் சரியாவதில்லை, நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் இழுக்கும். அந்த நாட்களில் இன்னொரு அடி விழுந்தால், அது லேசான அடியாகவே இருந்தாலும், மூளை தாங்காது. அபூர்வமாக, அதுவும் வயசுப் பையன்களுக்கு, மூளை வீங்கி உயிரே போயிருக்கிறது.

என் அக்கா பையனுக்கு ஸ்பேரிங்கில், அதாவது கிளப்பில் ஆளோடு ஆள் மோதிப் பழகும் பயிற்சி ஆட்டத்தில், தாடையில் ஒன்று விழுந்தது. உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணும் இல்லடா, எழுந்து ஆடு" என்று திரும்ப இறக்கிவிட்டார்கள். ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான், டியூப்லைட் வெளிச்சம் கூசுகிறது என்றான், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஸ்கேன் எடுத்தோம், அதில் எதுவும் இல்லை. உடனே கிளப்பிலிருந்து போன், நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், ஆக்ஸான் அளவில் நடந்த பாதிப்பு அதில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு ரத்தம் கசியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். டாக்டர் அதைத் தெளிவாகச் சொன்னார், நாங்கள் அவனை அனுப்பவில்லை.

கையில் நரம்பு அறுந்தால், தையல் போட்டால், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வரும். மூளைக்குள் அறுந்த வால் அப்படி வளராது. பக்கத்துப் பகுதிகள் வேலையைக் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எங்கள் பக்கம் இன்றைக்கும் அதைப் பேசுவார்கள். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. குத்து வாங்கியதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, கிளவுஸே தொடாதவர்களுக்கும் அது வருகிறது. ஆனால் 1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பழைய பாக்சர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பற்றி எழுதிவிட்டார். பின்னால் அப்படிப்பட்டவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது டாவ் என்ற புரதம் முடிச்சு முடிச்சாகப் படிந்திருந்தது. நாக் அவுட் ஆன குத்துகள் மட்டுமல்ல, வருஷக்கணக்காகத் தினமும் ஸ்பேரிங்கில் சேர்கிற சாதாரணக் குத்துகளும் இதில் கணக்கு. ஹெட்கார்டு போட்டால் போதும் என்பவர்களுக்கும் சொல்கிறேன், அது புருவம் கிழியாமல் காக்கும், தலை திரும்புவதை நிறுத்தாது.

நான் பாக்சிங்கை விடச் சொல்லவில்லை. எத்தனையோ பையன்களை அது காப்பாற்றியிருக்கிறது, எனக்கு நேரில் தெரியும். கோச்சுகளிடம் கேட்பது இதைத்தான்: தலையில் அடி வாங்கியவன் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அமெச்சூர் விதிப்படியே நாக் அவுட் ஆனவனுக்குக் குறைந்தது 30 நாள் ஓய்வு, அதை ஸ்பேரிங்குக்கும் வையுங்கள். விழாவிட்டாலும் தலைவலி, குழப்பம் இருந்தால் டாக்டர் சொல்லும் வரை ரிங் வேண்டாம். அப்புறம், தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, உள்ளே ரத்தம் கசிகிறது என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.