ரெண்டே ரெண்டு மெழுகுவர்த்தி

கடலூர் மஞ்சக்குப்பம் மளிகைக் கடையில் இன்று மாலை, இருந்த 12 மெழுகுவர்த்தி பாக்கெட்டையும் ஒருவரே வாங்கிக்கொண்டு போனார்.

பின்னால் நின்ற ஆயா, வியர்வையில் நனைந்த 20 ரூபாய்த் தாளை விரல் பருமனுக்குச் சுருட்டி வைத்திருந்தார். "ரெண்டே ரெண்டு குடுப்பா."

இல்லை.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய சேதி அப்போதுதான் வந்திருந்தது.

2011 டிசம்பர் 30, தானே புயல். அப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. சேர்த்து வைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் ஐப்பசிக்கு முன்பே மாதச் சாமானோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாமே? கூண்டு ஏறிய அன்று அள்ளுவது அடுத்தவர் பங்கு. தினக்கூலி வீட்டில் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும்.

வீட்டில் நாலு இருந்தது. இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தீப்பெட்டி இருக்கா ஆயா?"

"அடுப்பு மேல இருக்குப்பா."