பழுக்கவிடாத வேலை

எங்கள் தாத்தா வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார். எனக்கு வாய்த்த வேலை அதற்கு நேர் எதிர். காயைக் கழுவிப் பெட்டியில் அடைக்கும் தேனி மாவட்டத்து பேக் ஹவுஸ் ஒன்றில் நான்கு வருடம், வளைகுடாவுக்குப் போகும் ஜி9 ரக வாழைக்காய் கப்பலில் பழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

சேர்ந்த புதிதில் எல்லாம் குளிர்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காய் கொஞ்சம் முற்றலாக வந்தது. சரி, கூடுதலாகக் குளிர்ந்தால் நல்லதுதானே என்று குளிர் அறையை 13.5 டிகிரியிலிருந்து 10-க்கு இறக்கிவிட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால் காய் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் களையே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி. தோலை நகத்தால் கீறினால் அடியில் பழுப்புக் கோடுகள். அப்படிப்பட்ட காய் பழுத்தாலும் மஞ்சள் பளிச்சென்று வராது. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்கு ஜன்னி கண்டுவிடும் என்று மேலாளர் அப்போதுதான் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் எத்திலீன் பக்கம் கவனம் போனது. பழுக்கத் தொடங்கும் காய் தானே விடுகிற வாயு அது. பட்ட மாத்திரத்தில் பக்கத்துக் காயும் பழுக்கும், அதுவும் வாயு விடும். தாத்தாவின் மூட்டப் புகையில் இருந்ததும் இதுதான். கார்னேஷன் பூவைச் சீக்கிரம் வாட வைப்பதும் இதுதான். ஆப்பிள் சீக்கிரம் பழுக்காமலிருக்க 1-எம்சிபி என்றொரு வாயு விடுவார்கள். எத்திலீன் உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் பெட்டிக்குள் பெர்மாங்கனேட் பொட்டலம் போட்டோம். எத்திலீனைத் தின்னத் தின்ன ஊதா மணிகள் பழுப்பாகும்.

ஆனால் பெட்டிக்குள் ஒரு சீப்பு முந்திக்கொண்டால் பொட்டலம் எவ்வளவுதான் தாங்கும்?

படிகாரத் தண்ணீர்த் தொட்டியில் வாழைப்பால் கழுவும் அக்கா ஒருவர் திடீரென்று ஒரு சீப்பை வெளியே எடுத்துப் போடுவார். "இது முந்திக்கிச்சு தம்பி." என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. காயின் பட்டை மழுங்கி உருண்டிருப்பதைத் தடவியே கண்டுபிடித்துவிடுவாராம். நம்பாமல், அவர் ஒதுக்கியதில் ஒன்றையும் அனுப்பியதில் ஒன்றையும் எடுத்து ஆபீஸில் வேறு வேறு அலமாரியில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலை ஒன்று மஞ்சள் கண்டிருந்தது. மற்றது கல் மாதிரிப் பச்சை. அவர் ஒதுக்கியது எது என்று எனக்கே குழம்பிவிடக் கூடாதென்று காம்பில் கட்டிய சணல், மஞ்சள் சீப்பில்தான் இருந்தது. அன்றைக்கு டீயோடு ஆளுக்கொரு பழம்.