பெயரடை காட்டிக்கொடுத்தது

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் பிரிப்பது நான்தான். ஏழு வயதிலிருந்தே அப்படி. கரண்ட் பில், பள்ளிக்கூடக் கடிதம், பல் டாக்டர் ரசீது எல்லாவற்றையும் படித்து அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்வேன். அம்மா சொல்வதை போனில் ஆங்கிலமாக்குவேன். கலிபோர்னியாவின் சலினாஸ் பக்கம் லெட்டூஸ் வயலில் வேலை பார்க்கிற மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகளுக்கு இதுவும் பாத்திரம் கழுவுவது மாதிரி ஒரு வீட்டுவேலை.

அதனால் பல்கலைக்கழக உதவித்தொகைப் படிவத்தையும் நானே முடித்துவிடுவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். ஃபாஃப்சா என்பார்கள். 2024–25க்கு அதைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். வழக்கமாக அக்டோபரில் திறப்பது, 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. பெற்றோரும் தனியாகக் கணக்குத் தொடங்கிக் கையெழுத்திட வேண்டும். அம்மாவுக்கு, அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது (அதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதாக இல்லை). அந்த எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் முதல் சில மாதங்கள் நாடு முழுக்கத் தடுமாறினார்கள். மார்ச் 2 என்றிருந்த மாநிலக் கெடுவை கலிபோர்னியா மே 2 வரை தள்ளிவைத்ததால் தப்பித்தேன். மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் முழுசாகக் கிடைத்தது, 7,395 டாலர். மாநிலம் தரும் ‘கால் கிராண்ட்’டும் (‘கால்’ என்றால் கலிபோர்னியா) வந்தது. மிச்சத்துக்கு நூலகத்தில் வாரம் 12 மணி நேரம் வேலை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் படிவம் இல்லை, விடுதிப் படிவம். சமையலறை மேஜையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கேள்வி: பாலினம் பார்க்காமல் அறை ஒதுக்கும் பகுதியில், குயர் (தன்பாலை விரும்புகிற, ஆண்-பெண் வரையறையில் அடங்காத) மாணவர்களோடு தங்க விருப்பமா? விரல் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

“என்ன கேக்குது, மிஹா?” ‘மிஹா’ என்றால் மகளே.

“ஜன்னல் பக்கம் கட்டில் வேணுமான்னு கேக்குது.”

“வேணும்னு போடு. காத்து வரும்.”

‘இல்லை’ என்று போட்டேன். அம்மாவுக்கு நான் தெரிந்தே தப்பாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

ஏன் என்று கேட்டால் 2016க்குப் போக வேண்டும். எனக்குப் பத்து வயது. ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து டிவியைப் போட்டால், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், தன்பாலை விரும்புகிறவர்கள் கூடும் பல்ஸ் என்ற கே கிளப்பில் துப்பாக்கிச் சூடு. அன்று அங்கே லத்தீன் இரவு. இறந்த 49 பேரில் பெரும்பாலானவர்கள் எங்கள் ஆட்கள், லத்தீன் அமெரிக்க வம்சத்தவர். எங்கள் வீட்டில் உள்ளவர்கள் மாதிரியே பெயர்கள், முகங்கள். அத்தை திரையைப் பார்த்துக்கொண்டே, “பாவம், அந்த அம்மாக்களுக்கு ஒரே நாள்ல ரெண்டு சேதி” என்றார். அம்மா சிலுவை போட்டுவிட்டு டிவியை அணைத்தார். முதல் சேதி சாவு என்பது புரிந்தது. இரண்டாவது சேதி என்னவென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துபோனதுதான் பிரச்சினை.

2024 செப்டம்பர் கடைசியில் தெற்கு கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தேன். காலாண்டு முறை என்பதால் பத்தே வாரம். மூச்சு விடுவதற்குள் இடைத்தேர்வு. வேதியியலில் நூற்றுக்கு 41. ‘ஆபீஸ் ஹவர்ஸ்’ என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்ததை, பேராசிரியர் தன் அறையில் வேலை பார்க்கிற நேரம், அப்போது தொந்தரவு பண்ணக்கூடாது என்று நினைத்திருந்தேன். அது நாம் போய் சந்தேகம் கேட்பதற்கான நேரம் என்பதே ஆறாவது வாரத்தில்தான் தெரிந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: போய்க் கதவைத் தட்டுங்கள். அங்கே பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள், பேராசிரியர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

குயர் மாணவர் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். வட்டமாக உட்கார்ந்து பெயர், எந்தப் பிரதிப்பெயர் (அவனா, அவளா, அவரா), வீட்டில் எப்போது சொன்னாய் என்று சுற்றி வந்தது. என் முறை வந்ததும், இன்னும் சொல்லவில்லை என்றேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் அந்தத் தைரியம் வரும் என்றாள். நல்ல பெண்தான், ஆனாலும் எரிச்சலாக இருந்தது. சொன்ன பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனால் அம்மாவை யார் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பேசுவது? வாடகைக் கடிதத்தை யார் படிப்பது? இது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

லத்தீன் மாணவர் கூட்டத்தில் வேறு கதை. அங்கே சாப்பாடு, பாட்டு, சிரிப்பு எல்லாம் வீடு மாதிரி. வீடு மாதிரி என்பதால் கேலியும் வீட்டில் உள்ளதேதான். டோர்ட்டியா (எங்கள் ஊர் ரொட்டி) சுட ஆள் வேண்டும் என்றபோது நான் கை தூக்கினேன். பின்னாலிருந்து ஒருவன் “டோர்ட்டியேரா!” என்றான். டோர்ட்டியா தட்டுகிறவள் என்று அர்த்தம். பெண்ணை விரும்புகிற பெண்ணைக் குத்திச் சொல்லவும் அதே சொல்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று இருநூறு டோர்ட்டியா சுட்டிருப்பேன். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

ஒரு மாதம் இப்படி ஓடியது. முதல் கூட்டத்தில் மெக்சிகோவை விளக்க வேண்டும், இரண்டாவதில் வாயை மூட வேண்டும். பிறகு நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த சீனியர் ஒருத்தி வியாழக்கிழமை மாலை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். பதினோரு பேர், எல்லோரும் லத்தீன் குயர் மாணவர்கள். ‘ஹோத்தெரியா’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் குயர் ஆட்களை அடிக்கும் முன் சொல்கிற வசவு ஒன்றை எடுத்து, அதையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். ஆண் லத்தீனோ, பெண் லத்தீனா என்று பிரிக்காமல் எங்களைச் சொல்ல, லத்தீன்எக்ஸ் என்பதா, லத்தீனே என்பதா என்று அன்று ஒரு மணி நேரச் சண்டை. (என் கட்சி ‘லத்தீனே’. அந்த எக்ஸ் ஸ்பானிஷ் வாயில் நுழையாது. பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கில், அமெரிக்காவில் உள்ள எங்கள் ஆட்களில் லத்தீன்எக்ஸ் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் 3 விழுக்காடுதான்.) எழுத்தாளர் குளோரியா அன்சால்தூவாவைப் பற்றி அங்கேதான் முதலில் கேட்டேன். 1942இல் தெற்கு டெக்சாஸில் பிறந்தவர், மெக்சிகோ எல்லைநிலத்து லெஸ்பியன், வயல்வேலை தெரிந்தவர். முனைவர் ஆய்வை முடிக்கிற கட்டத்தில் 2004இல் இறந்துபோனார். பட்டத்தை சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம் மறு வருஷம் கொடுத்தது. எங்கள் வீட்டிலிருந்து சாந்தா குரூஸ் காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பதினெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அந்தப் பெயர் தெரியாது.

அந்த அறையில்தான் அவளையும் பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த, எல் சால்வடோர் வம்சத்துப் பெண். தமாலேயை (சோளமாவுக்குள் கறியோ சீஸோ வைத்து அவிக்கிற பண்டம்) வாழையிலையில் கட்டுவதா, சோளத்தோகையில் கட்டுவதா என்று வாதம் பண்ண ஆரம்பித்தோம். இன்னும் முடியவில்லை.

ஞாயிறுதோறும் அம்மாவுக்கு போன். இங்கே ஸ்பானிஷைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘படிக்கிறான்’ என்றாலும் ‘படிக்கிறாள்’ என்றாலும் ஒரே சொல், எழுவாயும் தேவையில்லை. பெயரடைதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே அவளைப் பற்றிப் பேசும்போது சில வாரம் நான் வினைச்சொல்லிலேயே குடியிருந்தேன். யாரோட படிக்கறே? விடுதி ஆள். எங்கே ஊர்? லாஸ் ஏஞ்சலஸ்ல. குடிக்கற பழக்கம் உண்டா? கிடையாது, மா. அம்மா ஏதோ ஒரு பையனை மனசில் உட்காரவைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நவம்பரில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், “இன்னிக்கு வெளியே போகல, உடம்பு சரியில்ல” என்று அவளைப் பற்றிச் சொல்ல வந்து, ‘என்ஃபெர்மா’ என்றேன். கடைசி எழுத்து ‘ஓ’ என்று வந்தால் ஆண், ‘ஆ’ என்று வந்தால் பெண். நான் ‘ஆ’ என்றுதான் முடித்திருந்தேன்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா சொன்னார்: “கோழி சூப்புல எலுமிச்சை நிறையப் பிழியணும்.” போனை வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் மூன்று நிமிஷப் பேச்சுதான். நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன், வேலை இல்லை.

டிசம்பரில் போனேன். குளிர்காலத்தில் லெட்டூஸ் அறுவடை அரிசோனாவின் யூமாவுக்கு நகர்ந்துவிடும், அப்பாவும் கூடவே போய்விடுவார். வீட்டில் நானும் அம்மாவும். அடுப்பில் தமாலே ஆவியில் வெந்துகொண்டிருந்தது. மேஜையில் மடிக்கணினி, அடுத்த வருஷத்து ஃபாஃப்சா. அம்மாவின் கையெல்லாம் சோளமாவு என்பதால் அவர் கணக்கில் நான்தான் தட்டச்சு செய்தேன்.

“பன்னிக்கறி சாப்பிடற பழக்கம் உண்டா?” என்றார், திரும்பாமல்.

எழுவாய் இல்லை. ஸ்பானிஷில் அது சாதாரணம், அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

“இல்லை, மா. சாப்பிடறதில்ல.”

அம்மா பாத்திரத்தைத் திறந்து, பன்றிக்கறி வைத்ததை ஒரு பையிலும் மிளகாயும் சீஸும் வைத்ததை வேறொரு பையிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிப் போட்டார். இரண்டாவது பையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டார்:

“இப்ப அது என்ன கேக்குது?”

“பாஸ்வேர்டு கேக்குது, மா. போன வருஷம் என்ன வெச்சோம்?”