நான்கு பிரேஸும் ஒரே உயரத்தில்

நான் செய்த கிட்டாரில், முகப்பலகையை உள்ளிருந்து தாங்கும் எக்ஸ் வடிவக் கட்டைகளை, அதாவது எக்ஸ் பிரேஸை, செதுக்கி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதுகுப் பலகைக்கு இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். குறுக்கே நாலு கட்டை, அவ்வளவுதானே? அந்த நாலு கட்டையோடு ஒரு மாதம் போயிற்று.

நான் செய்தது ஸ்டீல் கம்பி பூட்டும் டிரெட்நாட், பெரிய உடல் கொண்ட கிட்டார் வகை. முதுகு ஈட்டி மரம். இரண்டு துண்டை ஒட்டி 2.5 மி.மீ. கனத்துக்கு இழைத்திருந்தேன். நடு இணைப்பின் மேல் உள்பக்கத்தில், ரேகை குறுக்காக ஓடும் மெல்லிய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பட்டை. பிரேஸ் உட்காரும் இடங்களில் மட்டும் அதை வெட்டி எடுத்தாயிற்று.

பிரேஸுக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸை உளி வைத்துப் பிளக்க வேண்டும். பிளந்தால்தான் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் கட்டையும் வரும். மூன்றைப் பிளந்தேன். கட்டை வீணாகிறதே என்று நான்காவதை ரம்பத்தால் அறுத்துக்கொண்டேன். பார்வைக்கு நான்கும் ஒன்றுபோலவே இருந்தன.

முதுகுக்கு 15 அடி ஆரத்தில் வளைவு. 400 மி.மீ. அகலமுள்ள கீழ்ப்பகுதியில் நடுவில் வரும் எழும்பல் 4.4 மி.மீ.தான். அதே வளைவில் குழிந்த தட்டில் உப்புத்தாள் ஒட்டி, பிரேஸின் அடியில் பென்சிலால் கோடு கிழித்து, கோடு முழுக்க அழியும் வரை தேய்த்தேன். ஒட்டுவதற்கு மட்டும் அவசரப்படவில்லை. அறையில் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு இறங்கும் வரை பலகையையும் பிரேஸையும் அங்கேயே போட்டு வைத்தேன். பலகை அகல வாக்கில் சுருங்கும். பிரேஸ் நீள வாக்கில் ஏறக்குறைய சுருங்காது. ஈரமான நாளில் ஒட்டிவிட்டால், காயும்போது வளைவு அமுங்கும், இல்லையென்றால் பலகை வெடிக்கும்.

தவறு அளவில் நடந்தது. வரைபடத்தில் மேல் இரண்டு பிரேஸ் 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். கீழ் இரண்டும் 18 அகலம், 9 உயரம். அகலமான பகுதிக்கு ஏன் தாழ்ந்த கட்டை என்று எனக்குப் புரியவில்லை. உறுதியாக இருக்கட்டும் என்று நான்கையும் 8-க்கு 15 என்றே ஒட்டிவிட்டேன்.

பசை காய்ந்ததும் பலகையின் ஓரத்தை இரு விரலால் பிடித்துத் தட்டினேன். மேல்பகுதி நன்றாக இருந்தது. கீழ்ப்பகுதியில் கதவைத் தட்டியது போல 'டக்' என்று ஒரே ஒலி, உடனே அடங்கிவிட்டது.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். பிரேஸின் விறைப்பு அகலத்தோடு நேராகக் கூடும். உயரத்தோடு மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 8 × 15 × 15 × 15 என்றால் 27,000. 18 × 9 × 9 × 9 என்றால் 13,122. தடியாகத் தெரியும் அந்தத் தாழ்ந்த கட்டைக்கு எடை அதிகம், விறைப்போ பாதிக்கும் குறைவு. வரைந்தவர் கீழ்ப்பகுதியை அசையவிட நினைத்திருக்கிறார், நான் அதைக் கட்டிப்போட்டிருக்கிறேன்! இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன்: 8 மி.மீ. அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை 12-க்கு இறக்கினால் 13,824. கிட்டத்தட்ட அதே இடம், எடையும் குறைவு. ஒட்டும் பரப்பு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அடிப்பக்கம் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருந்ததால் துணிந்தேன்.

சிறிய இழைப்புளியால் அரை அரை மில்லிமீட்டராக இறக்கி, ஒவ்வொரு முறையும் தட்டிக் கேட்டேன். 13-க்கு வந்தபோது ஒலி தாழத் தொடங்கியது. 12-ல் தட்டிய பிறகும் ஒரு கணம் நீடித்து நின்றது. மேல்விளிம்பை வளைவாக உருட்டும்போது இன்னும் குறையும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உருட்டும்போதுதான் அறுத்த கட்டை தன் குணத்தைக் காட்டியது. உளி நாரோடு சேர்ந்து உள்ளே இறங்கி, பாதி உயரம் வரை சில்லாகப் பெயர்த்துவிட்டது. ஒட்டிச் சரிசெய்ய மனம் வரவில்லை. அந்த பிரேஸை இழைத்துத் தாள் கனத்துக்குக் கொண்டுவந்து, மிச்சத்தைச் சுரண்டி, பிளந்தெடுத்த புதிய கட்டையை ஒட்டினேன். ஒரு வாரம் கூடுதலாகப் போனது.

முனைகளைக் கடைசி 45 மி.மீ. தூரத்தில் சரிவாக இறக்கி 2 மி.மீ. கனத்தில் நிறுத்தினேன். அந்த முனைதான் பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஒட்டிய கெர்ஃபிங்கில், அதாவது வளைவதற்காக வரிசையாக வெட்டுப் போட்ட மரப்பட்டையில், வெட்டிய பள்ளத்துக்குள் போகும். முனை தடித்தால் பள்ளம் ஆழமாகி கெர்ஃபிங் பலவீனப்படும். பள்ளத்தில் உட்காராமல் தூக்கி நின்றால் பின்னாளில் பிரேஸ் விட்டுப்போய் இரையும். எட்டுப் பள்ளத்தையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தேன். ஏழு சரியாக உட்கார்ந்தன. எட்டாவதில் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தது. பள்ளத்தின் அடியை உளியால் இரண்டு முறை சீவியதும் அதுவும் உட்கார்ந்தது. அன்று மாலையே பசை தடவி முதுகை மூடினேன்.