“உங்க நில்லுங்கோ” என்றால் எங்கே நிற்பது?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் “நீங்கள் உங்க நில்லுங்கோ, நான் வாறன்” என்று எழுதினால், திருச்சிக்காரருக்கு அது பாதியில் நின்றுபோன வாக்கியம் மாதிரி இருக்கும். உங்க வீட்டிலா, உங்க ஹோட்டலிலா? எழுதியவர் ஒரு சொல்லையும் விடவில்லை. இந்த ‘உங்க’ என்பது ‘உங்கள்’ இல்லை, ‘உங்கே’. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன், உங்க என்று இன்றைக்கும் அன்றாடம் புழங்குகிறது. பெரும்பாலும் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும். ‘நில்லுங்கோ’வும் கால்கடுக்க நிற்பதைச் சொல்லவில்லை. “வீட்டில நிக்கிறன்” என்றால் வீட்டில் இருக்கிறேன். “கொழும்பில மூண்டு நாள் நிப்பன்” என்றால் தங்குவேன். ஆக, “நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருங்கள், நான் வந்து சேர்கிறேன்” என்பதுதான் செய்தி. புரியாதவர் எழுந்து வேறு வாசலுக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் தேட வேண்டியதுதான்.

இணையத்தில் வருடக்கணக்காக எழுத்திலேயே பழகியவர்கள் முதன்முறை நேரில் கூடும்போது இப்படிப்பட்ட இடங்களில்தான் சிக்கல் வரும். எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரத்தில் தட்டுகிற வரியும் தொலைபேசியில் பேசுகிற பேச்சும் அவரவர் ஊருக்குப் போய்விடும்.

தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், லண்டன், ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கிற ஒரு குழுவுக்கு நான் கோலாலம்பூரைத்தான் சொல்வேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் நுழைய மலேசியா அனுமதித்து வருகிறது. இலங்கையர்கள் இ-விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் கூடினால் இது தலைகீழ்: இலங்கையருக்கு விசா தேவையில்லை, இந்தியருக்குத் தேவை. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் போடுகிற அன்றைக்கே குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் வருகிற வெளிநாட்டவர் (சிங்கப்பூர்க் குடிமக்கள் தவிர) மின்னணு வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

நாள் குறிப்பதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணியிலிருந்து வருகிற நண்பருக்கு ஞாயிறு வேலைநாள். அதனால் முக்கியமான சாப்பாடும் சந்திப்பும் சனிக்கிழமையில் இருக்கட்டும். தைப்பூச வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பத்துமலைக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, ரயிலில் இடமும் கிடைக்காது. தைப்பூசத்துக்காகவே வருகிற குழு என்றால் அது வேறு கணக்கு.

திட்டம் போடுகிற அழைப்புகளுக்கு நேரம் வைக்க ஒரு எளிய வழி: இந்திய நேரத்தை ஆணியடித்து வைத்துவிட்டு மற்றதை நகர்த்துங்கள். சனிக்கிழமை இரவு 7.30 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அதே 7.30. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரவு 10. லண்டனில் கோடையில் பகல் 3, குளிர்காலத்தில் 2. ரொறன்ரோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. பிரிட்டனும் கனடாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் முன்னே தள்ளும். திரும்பப் பின்னே தள்ளுவது பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு, கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான 5 மணி நேர இடைவெளி 4 ஆகிவிடும். அந்த வாரங்களில் அழைப்பு வைத்தால் ஒருவர் ஒரு மணி நேரம் பிந்தியோ முந்தியோ வருவார். தேதியை 5/6 என்று போடாமல் “ஜூன் 5, வெள்ளிக்கிழமை” என்று கிழமையோடு எழுதுங்கள். வட அமெரிக்காவில் இருப்பவர்களில் சிலர் மாதத்தை முதலில் படிப்பார்கள்.

கிழமை என்றதும் ‘வெள்ளி’ நினைவுக்கு வருகிறது. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள், சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் டாலரை வெள்ளி என்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றுக்கும் மேற்பட்ட மலேசிய வெள்ளி கிடைக்கும். “தலைக்கு 80 வெள்ளி” என்று கோலாலம்பூர்க்காரர் குழுவில் போட்டால், சிங்கப்பூர்க்காரர் மூன்று மடங்கு எடுத்து வைப்பார், மதுரைக்காரர் வெள்ளிக்கிழமைக்கும் 80-க்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பார். ரூபாயிலும் இதே சிக்கல்: ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் இலங்கை ரூபாய். கணக்குப் பேசும்போது மட்டும் ரிங்கிட், சிங்கப்பூர் டாலர், இந்திய ரூபாய், இலங்கை ரூபாய் என்று முழுப்பெயரில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். முன்பணத்தை ஒருவர் வாங்கி, எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

நேரத்துக்கான சொற்களையும் இப்படிப் பார்த்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘நாளையிண்டைக்கு’ என்றால் நாளை மறுநாள். தமிழ்நாட்டுக் கண் அதில் ‘நாளை’யை மட்டும் பிடித்துக்கொள்ளும். ‘பின்னேரம்’ என்பது பிற்பகலும் மாலையும் சேர்ந்தது. 3 மணியும் பின்னேரம், 5 மணியும் பின்னேரம். “ஆறுதலா வாங்கோ” என்றால் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள். இதைக் கேட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறுகிறவர்கள் உண்டு. “கெதியா வாங்கோ” என்றால் சீக்கிரம் வாருங்கள். ‘வெளிக்கிடுறது’ புறப்படுவதையும் குறிக்கும், உடுத்தித் தயாராவதையும் குறிக்கும். தமிழ்நாட்டுக் ‘கிளம்பிட்டேன்’ என்பதும் இதற்குச் சளைத்ததில்லை, சட்டை மாட்டும்போதே அதைச் சொல்வோம். “ரயிலில் ஏறியாச்சா?” என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரும். மலேசியாவில் ‘பசியாறலாம்’ என்றால் காலைச் சாப்பாடு. மதியம் போய் நின்றால் கடையில் வேறு கூட்டம் இருக்கும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும், காரணம் அதைப் பிழை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இலங்கையில் ‘ரொறன்ரோ’, தமிழ்நாட்டில் ‘டொராண்டோ’. இலங்கையர் எழுதும் ‘ரிக்கற்’ நமக்கு டிக்கெட், ‘ரீ’ நமக்கு டீ, ‘சேர்’ நமக்கு சார். யாழ்ப்பாணத் தமிழில் ‘காற்று’, ‘வெற்றி’ என்னும் சொற்களில் உள்ள ற்ற இன்றும் நுனிநாக்கு பல்லின் ஈறில் பட்டு ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் ‘டி’ ஒலியும் ஏறத்தாழ அங்கேதான் பிறக்கிறது. தமிழ் ‘ட’வுக்கு நாக்கு பின்னோக்கி வளைய வேண்டும். அதனால் அவர்கள் காதுக்கு ற், ர வரிசைதான் பொருத்தமாகப் பட்டது. நன்றாக யோசித்து அமைந்த மரபு அது, திருத்தப் போகாதீர்கள். பயண விஷயத்தில் மட்டும், வரைபடத்தில் தேட வேண்டிய இடப்பெயர்களைத் தமிழில் எழுதாமல் வரைபட இணைப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். இலங்கையர் பேசியதும் “மலையாளம் மாதிரி இருக்கு” என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் கால்வைத்த ஒவ்வொரு இலங்கைத் தமிழரும் அதைப் பலமுறை கேட்டுச் சலித்திருப்பார்கள். திரைப்படத்தில் கேட்ட ‘இலங்கைத் தமிழை’ அவர்களிடமே பேசிக் காட்டுவது அதைவிட மோசம். தமிழ்நாட்டுப் பேச்சு அவர்களுக்குப் புரிவது சினிமாவும் தொலைக்காட்சியும் அங்கே போய்ச் சேர்ந்ததால். அவர்கள் பேச்சு நம்மிடம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. ஆகவே காதைப் பழக்க வேண்டிய வேலை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்களுடையது. இலங்கைத் தமிழ் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழும் இல்லை. மட்டக்களப்பில் ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ வரும், யாழ்ப்பாணத்தில் ‘பேந்து’. மலையகத் தமிழ் தமிழ்நாட்டுப் பேச்சுக்கு நெருக்கம். 19-ஆம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் தமிழ் அது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் எல்லாம் ஒன்றா? கன்னியாகுமரிப் பக்கம் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கிற தண்ணீர். கொங்கில் சிறுபிள்ளைக்கும் ‘ங்க’ போடுவார்கள்.

சந்திப்புக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து குறைந்தது இரண்டு குரல் அழைப்பு வையுங்கள், ஒவ்வொன்றும் 40 நிமிடம் போதும். 6 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். புரியாத சொல்லை உடனே கேட்டுவிடுவது என்று ஒப்புக்கொள்ளுங்கள். தலையாட்டிவிட்டு விட்டுவிட்டால் நேரில் இரைச்சலான உணவகத்தில் அதைக் கேட்கவே முடியாது.

கூப்பிடுகிற முறையையும் அந்த அழைப்பிலேயே பேசிவிடலாம். யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் ‘நீர்’ உண்டு. “நீர் எப்ப வாறீர்?” என்பது சமவயது நண்பரிடம் கேட்கிற இயல்பான, கொஞ்சம் மரியாதையும் நெருக்கமும் கலந்த கேள்வி. தமிழ்நாட்டுக் காதில் அது அரசவை வசனமாகவோ அதட்டலாகவோ விழும். மறுபக்கம், சென்னையில் பிரியமாக வருகிற ‘வாடா’ இன்னொருவருக்குச் சுடலாம். ‘மச்சான்’ இலங்கையில் நண்பர்களுக்குள் பரவலாக ஓடும் சொல். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு பெண் ஓர் ஆணை அப்படிக் கூப்பிட்டால் உறவுமுறை அர்த்தம் வந்துவிடும். முதல் சந்திப்பில் அண்ணா, அக்கா, நீங்கள் போதும். அதற்குக் கீழே இறங்குவதை வயதில் பெரியவர் தொடங்கட்டும்.

சாப்பாட்டுக்கு ‘சைவமா அசைவமா’ என்று மட்டும் கேட்டால் போதாது. முட்டை, மீன், மாட்டிறைச்சி, ஹலால் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். இலங்கையில் மரக்கறி என்றால் காய்கறி. தமிழ்நாட்டில் பலருக்குக் ‘கறி’ என்றாலே ஆட்டுக்கறிதான், அந்தச் சொல்லைப் பார்த்து மாற்றிப் பதிந்துவிடுவார்கள். சம்பல் யாழ்ப்பாணத்தாருக்குத் தேங்காயில் இடித்தது, மலேசியாவில் மிளகாய் விழுது, அதில் பெரும்பாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் சேர்ந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர் தட்டில் அது வந்துவிடக் கூடாது. கடையில் ‘தே’ என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றிய டீ வரும். பால் வேண்டாம் என்றால் ‘தே ஓ’, சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. கட்டிக்கொண்டு போக ‘தாபாவ்’ என்று சொன்னால் போதும்.

இனி இடம். விமான நிலையத்தில் கூடலாம் என்று திட்டமிடாதீர்கள், அங்கே டெர்மினல் 1, டெர்மினல் 2 தனித்தனிக் கட்டடங்கள், நடுவில் ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டும். நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல்தான் வசதி. டெர்மினல் 1-இலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடம், டெர்மினல் 2-இலிருந்து 33. சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சாதாரணமாக 5, 6 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் பாலத்தில் மாட்டிக்கொண்டால் கணக்கே இல்லை, ஆகவே சனி விடியற்காலை பஸ் நல்லது. பல பஸ்கள் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் வரலாம். சென்ட்ரல் பெரிய இடம். அதை ஒட்டியே நூ சென்ட்ரல் வணிக வளாகம், மோனோரயிலுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். “சென்ட்ரலில்” என்று சொல்லாமல் ஒரு கடையின் பெயரையும் தளத்தின் எண்ணையும் சொல்லுங்கள். அந்த இடத்தை உள்ளூர் நண்பர் முந்திய வாரம் படம் எடுத்துக் குழுவில் போட்டால் இன்னும் நல்லது. எல்லோரும் சேர்ந்ததும், இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி நடக்கிற தூரம்தான், வாழையிலைச் சாப்பாட்டுக்கு அங்கே குறைவில்லை.

முதல் சந்திப்பு பொது இடத்தில்தான், யார் வீட்டிலும் அறையிலும் வேண்டாம். படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். புனைபெயரில் எழுதுகிறவர்களின் முகமும் பெயரும் சேர்ந்து வெளியே போவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம், இலங்கையில் இருப்பவர்களுக்கு அதற்குக் கூடுதல் காரணங்களும் இருக்கலாம்.

ஞாயிறு மாலை யாழ்ப்பாணத்து நண்பர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு “அப்ப போட்டு வாறன்” என்பார். எதைப் போட்டுக்கொண்டு வரப்போகிறார் என்று தேட வேண்டாம், ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதுதான் அது. “ஓம், கவனமாப் போங்கோ” என்று சொல்லி, அவருடைய விமானம் எந்த டெர்மினல் என்று ஒருமுறை கேட்டு அனுப்பிவையுங்கள்.