யோர்க் மதிலுக்குள் தங்க இடம் தேடும்போது

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கக் கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து போகிறவர்கள், வட இங்கிலாந்தில் பழைய மதில் சூழ்ந்த நகரமான யோர்க்கையும் பார்த்துவிட்டு வாருங்கள். லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய 2 மணித்தியாலம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும்.

முகவரி பார்க்கும்போது பலரும் குழம்புவது இங்கேதான்: யோர்க்கில் 'கேட்' என்று முடியும் பெயர் தெருவைக் குறிக்கும், அது வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். மதில் வாசலுக்குப் பெயர் 'பார்'. ஆகவே கில்லிகேட் ஒரு தெரு, பூதம் பார் ஒரு வாசல்.

மதிலுக்குள் இருக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, படிகளும் ஒடுக்கம். முழங்கால் நோவுள்ள அம்மா, அப்பாவுக்குக் கீழ்த்தள அறை உண்டா என்று பணம் கட்டமுன் கேளுங்கள். பூதம், மவுண்ட் என்னும் தெருக்களின் பக்கம் மதிலுக்கு வெளியே காலை உணவோடு அறை தரும் வீடுகள் உண்டு. அங்கிருந்து நடந்தே உள்ளே வரலாம். ஓகஸ்டில் குதிரைப் பந்தய நாட்களிலும் நத்தார்ச் சந்தைக் காலத்திலும் அறை விலை எகிறும். ஊஸ் ஆறு பெருகுவதால் மாரியில் கரையோரக் கீழ்த்தளம் வேண்டாம்.

மதில் சுமார் 3.4 கிலோமீற்றர், ஏற இலவசம். இருட்டமுன் பூட்டிவிடுவார்கள், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கிழக்கே ஓரிடத்தில் மதிலே இல்லை. இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் ஃபொஸ் ஆற்றை மறித்துக் கட்டிய குளமும் சேறும்தான் அந்தக் காலத்தில் அங்கே காவலாக இருந்தன. குளக்கட்டோடு வளர்ந்த வன்னி மக்களுக்கு அந்த இடம் உடனே விளங்கும்.